'காத்து எங்கால போகுது?': இலத்திரனியல் சிகரெட்டின் சிறு துளைக்குள் இருக்கும் கணக்கு

கோயில் திருவிழாக் காலம் வந்தால் இறுப்பிட்டியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில திறக்கும். பரிஸ், இலண்டன், ரொறன்ரோ என்று போனவர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். கிணறு இறைக்கப்படும். முற்றத்துப் பற்றை வெட்டப்படும். இரண்டு மூன்று கிழமைக்கு ஊர் மறுபடியும் ஊராக இருக்கும்.

அப்படித் திறந்த ஒரு வீட்டு விறாந்தையில் ஒரு மாலை இருந்தேன். கிணற்றடிப் பக்கம் பெடியள் நான்கைந்து பேர் கூடி நின்றார்கள். பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் இங்கேயே வளர்ந்த மச்சான்மார். காற்றில் மாம்பழ மணம் வந்தது. மாம்பழக் காலம் முடிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்ததைக் கண்ட அந்த வீட்டு அம்மா, "அது சிகரெட் இல்லைப் பிள்ளை, வெறும் ஆவிதான்" என்றார்.

சற்று நேரத்தில் அந்தக் கருவி விறாந்தை மேசைக்கே வந்துவிட்டது. விரல் நீளத்தில், நீல நிறத்தில், ஒரு பேனையைப் போல இருந்தது. பக்கத்தில் இருந்த அப்பு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளம் வயதில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர் அவர். வாயில் வைக்கும் பக்கத்தைப் பார்த்தார். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இதுக்குக் காத்து எங்கால போகுது?"

பெடியளிடம் பதில் இல்லை. என்னிடமும் அப்போது பதில் இல்லை. ஆனால் இலத்திரனியல் சிகரெட்டைப் பற்றி விளங்கிக்கொள்ள நினைக்கும் எவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பது, பின்னர் தேடி வாசித்தபோது புரிந்தது.

சுருட்டுக்காரருக்குத் தெரிந்த காற்று

யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போன சரக்கு. பின்னாளில் தீவகத்து வணிகர்கள் தென்னிலங்கை நகரங்களில் சுருட்டுக் கடை வைத்தார்கள். புங்குடுதீவில் பல குடும்பங்களின் கல்வீடும் பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கடைகளின் வருமானத்தில் வந்தவை.

சுருட்டுச் சுற்றுபவருக்குக் காற்றுத்தான் கணக்கு. இறுக்கிச் சுற்றினால் இழுக்க வராது. தளர்த்திச் சுற்றினால் காற்று அதிகமாகப் புகுந்து சுருட்டு விறுவிறென்று எரிந்து முடியும், வாய் சுடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு உண்டு. அதைக் கைதான் அறியும்.

இன்னொன்றும் உண்டு. சுருட்டுப் புகையைப் பெரும்பாலானோர் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. அந்தப் புகை காரத்தன்மை கொண்டது, தொண்டையைப் பிடிக்கும், இருமல் வரும். அதனால் வாயில் வைத்து ஊதிவிடுவார்கள். நிக்கொட்டின் வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்துக்குப் போகும். இதனால் சுருட்டு நல்லதாகிவிடாது. வாய்ப் புற்றுநோய்க்கு அது காரணம் என்பது நீண்ட காலமாகத் தெரிந்த விடயம். இங்கே கவனிக்கவேண்டியது தொண்டையின் வேலையை. தொண்டையின் கரகரப்பு ஒரு படலை. 'இதற்கு மேல் உள்ளே விடாதே' என்று உடல் போட்டுவைத்த படலை. புதிய கருவியின் வடிவமைப்பு முழுவதும் அந்தப் படலையை ஓசையின்றித் திறப்பதில்தான் தங்கியிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

கருவியைப் பிரித்தால் ஐந்து பாகங்கள். ஒரு சிறிய லிதியம் பற்றரி. ஓர் உலோகச் சுருள். சுருளைத் தொட்டபடி திரவத்தில் ஊறிய பஞ்சு. இழுப்பதை உணரும் ஓர் உணரி. இவை எல்லாவற்றையும் ஊடறுத்து அடியிலிருந்து வாய் வரை போகும் ஒரு காற்றுப் பாதை.

திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும். அவற்றோடு நிக்கொட்டின், மணச்சேர்க்கைகள். கிளைக்கோல் 188 பாகை செல்சியசிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிக்கும்.

வாயில் வைத்து இழுத்ததும் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. உணரி அதைக் கண்டு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் இவற்றில் பலவற்றுக்குப் பொத்தானே இல்லை. சுருள் சூடாகிப் பஞ்சிலுள்ள திரவத்தை ஆவியாக்குகிறது. அடித்துளையால் வந்த காற்று அந்த ஆவியைக் குளிர்வித்து வாய்க்குக் கொண்டுபோகிறது.

'வெறும் ஆவி' என்ற சொல் தவறாவது இந்த இடத்தில்தான். கேத்திலில் தண்ணீர் கொதிக்கும்போது மூக்கை உற்றுப் பாருங்கள். மூக்கை ஒட்டினாற்போல் சிறிது தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அதுதான் உண்மையான ஆவி. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது, காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகிய நுண்துளிகள். இலத்திரனியல் சிகரெட்டிலிருந்து வரும் வெண்மையும் அப்படித்தான். அது திரவத் துளிகளின் கூட்டம். பெரும்பாலான துளிகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறியவை. அந்த அளவில் உள்ளவை நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகக்கூடியவை.

துளை செய்யும் வேலைகள்

காற்றுத் துளைக்கு மூன்று வேலைகள் உண்டு.

முதலாவது, சுருளைக் குளிர்விப்பது. ஒரே மின்வலுவில் காற்று குறைந்தால் சுருளின் வெப்பம் ஏறும். இரண்டாவது, ஆவியோடு கலந்து அதை ஐதாக்குவது. காற்று கூடினால் ஒவ்வொரு மிடறும் இலேசாகும், தொண்டையில் உறுத்தல் குறையும். மூன்றாவது, இழுப்பின் கனத்தைத் தீர்மானிப்பது. துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதன் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். ஊசிமுனை அளவிலான மாற்றம்கூட வாயில் தெளிவாகத் தெரியும்.

இதை வைத்தே கருவிகள் இரண்டு வகையாகச் செய்யப்படுகின்றன. துளை சிறிதானால் இழுப்பு இறுக்கமாக இருக்கும். பழகியவர் முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகு நெஞ்சுக்குள் விடுவார், சிகரெட்டைப் போல. துளை பெரிதானால் சாதாரணமாக மூச்செடுப்பதைப் போலவே நேராக நெஞ்சுக்குள் போய்விடும். வாய்க்குள் எடுக்கும் ஒரு மிடறு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர். வளர்ந்த ஒருவர் அமைதியாக எடுக்கும் ஒரு மூச்சு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர். பத்து மடங்கு வித்தியாசம்.

பெரிய துளைக் கருவிகளில் மின்வலுவும் அதிகம். அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் நிக்கொட்டின் செறிவு மட்டும் உண்மையைச் சொல்லாது. குறைந்த செறிவுள்ள திரவத்தைப் பெரிய கருவியில் போட்டால், செறிவு கூடிய திரவம் உள்ள சிறிய கருவி தரும் அளவு நிக்கொட்டினை அது தந்துவிடலாம். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ஷிஹாதேயும் அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் ஐசன்பேர்க்கும் இதற்கு ஒரு புதிய அளவையை முன்வைத்தார்கள். ஒரு விநாடியில் கருவியின் வாயிலிருந்து எவ்வளவு நிக்கொட்டின் வெளிவருகிறது என்பதே அந்த அளவை. திரவத்தின் செறிவை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, இந்தப் பாய்வையும் கட்டுப்படுத்தவேண்டும் என்பது அவர்களின் வாதம்.

தொண்டைப் படலை எப்படித் திறந்தது?

ஆரம்ப கால இலத்திரனியல் சிகரெட்டுகளில் இருந்த நிக்கொட்டின் சுருட்டுப் புகையைப் போலவே காரத்தன்மையானது. செறிவு கூடினால் தொண்டை எரியும். 2015இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த ஜூல் என்ற கருவி, நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து அந்த எரிவைத் தணித்தது. இதைத்தான் 'நிக்கொட்டின் உப்பு' என்கிறார்கள். ஒரு மில்லிலீற்றரில் 59 மில்லிகிராம் வரை நிக்கொட்டின் இருந்தும் தொண்டை முறையிடவில்லை. இன்று கைமாறும் ஒருமுறைப் பாவனைக் கருவிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

அமிலம் எரிவைக் குறைக்கிறது. காற்றுத் துளை வெப்பத்தையும் உறுத்தலையும் குறைக்கிறது. பழ மணம் கசப்பை மறைக்கிறது. மூன்றும் சேர்ந்தபின் 14 வயதுப் பிள்ளை முதல் இழுப்பிலேயே இருமி எறிந்துவிடுவதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. சுருட்டை முதன்முதலில் வாயில் வைத்த எங்கள் பாட்டன்மாருக்குக் கிடைத்த அந்த எச்சரிக்கை இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம் நிக்கொட்டின். சிகரெட் எரிந்து முடிந்துவிடும், அதோடு ஒரு நிறுத்தம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவான 2 மில்லிலீற்றர் கலத்தில், மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்ற செறிவில், 40 மில்லிகிராம் அடங்கியிருக்கும். அது எரிந்து முடிவதில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து எப்போது வேண்டுமானாலும் இழுக்கலாம்.

இந்தத் துளையை முன்பும் பார்த்திருக்கிறோம்

காற்றுத் துளையால் மனிதரை ஏமாற்றுவது புதிதல்ல. 'லைற்' என்று விற்கப்பட்ட சிகரெட்டுகளை நினைவிருக்கும். அவற்றின் பில்ரரைச் சுற்றியுள்ள தாளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருந்தன. பரிசோதனை இயந்திரம் இழுக்கும்போது துளைகளால் வெளிக்காற்று புகுந்து புகையை ஐதாக்கும். தார் குறைவு என்று இயந்திரம் காட்டும். ஆனால் மனிதர் இயந்திரம் அல்லவே. விரலும் உதடும் துளைகளை மூடின. நிக்கொட்டின் போதாத உடல் இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி இழுத்தது.

2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், 'லைற்' சிகரெட்டுகள் குறித்துப் புகையிலை நிறுவனங்கள் மக்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்தார். 2014இல் வெளியான அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, நுரையீரலின் ஆழத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோய் கூடியதற்குச் சிகரெட்டின் வடிவமைப்பு மாற்றங்களே காரணம் என்றும், துளையிட்ட பில்ரரும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்றும் கூறியது. இலேசாக இருந்தது பாதுகாப்பாக இருக்கவில்லை.

இன்றைய இலத்திரனியல் சிகரெட்டுகளையும் இயந்திரம்தான் சோதிக்கிறது. 55 மில்லிலீற்றர் மிடறு, 3 விநாடி இழுப்பு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்பது சர்வதேச நியமம். கிணற்றடியில் நின்ற பெடியள் அந்த நியமப்படி இழுக்கவில்லை.

துளை அடைபட்டால்

பெடியள் கையில் கருவி இருக்கும்போது நடக்கும் ஒரு விடயத்தைக் கவனித்தேன். அடித்துளையை விரலால் பாதி மூடி இழுக்கிறார்கள். அப்போது 'கனமாக' வருகிறதாம். காரணம் மேலே சொன்னதுதான். காற்று குறைய ஐதாவதும் குறைகிறது, சுருளும் சூடேறுகிறது.

சூடு ஒரு கட்டத்தைத் தாண்டினால் திரவம் ஆவியாவதோடு நிற்காது, சிதையத் தொடங்கும். அப்போது போர்மல்டிஹைட், அக்ரோலீன் போன்ற நச்சுப் பொருட்கள் உருவாகும். 2015இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3.3 வோல்ற்றில் காணப்படாத போர்மல்டிஹைட் சேர்மங்கள் 5 வோல்ற்றில் கணிசமாக உருவானதைப் பிரசுரித்தார்கள். அவ்வளவு சூட்டில் வாய் கருகிய சுவையை உணரும், எவரும் தொடர்ந்து இழுக்கமாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு: பஞ்சு காய்ந்து சுருள் கொதித்தால் நஞ்சு வரும். கருகிய சுவையே அதற்கு அடையாளம். திரவம் தீரும் தறுவாயில் 'இன்னும் கொஞ்சம் இருக்கு' என்று இழுப்பவர்கள் அந்த நிலைக்குத்தான் போகிறார்கள்.

சுருளும் சும்மா இருப்பதில்லை. 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாவனையாளர்கள் அன்றாடம் வைத்திருந்த 56 கருவிகளைச் சோதித்தார்கள். போத்தலில் இருந்த திரவத்தை விட, சூடாகி வெளிவந்த துளிகளில் ஈயம், குரோமியம், நிக்கல் ஆகிய உலோகங்கள் பல மடங்கு அதிகமாக இருந்தன.

திரவம் கசிந்து காற்றுப் பாதைக்குள் இறங்கினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உணரி குழம்பி, எவரும் இழுக்காமலே கருவி தானாகச் சூடேறலாம். சட்டைப் பையிலோ தலையணைக்குக் கீழோ வைக்கக்கூடிய பொருள் அல்ல இது.

சாப்பிடலாம் என்றால் சுவாசிக்கலாமா?

'உள்ளே இருப்பது கேக்குக்குப் போடும் எசன்ஸ்தானே' என்று சொல்பவர்கள் உண்டு. வயிறு வேறு, நுரையீரல் வேறு. 2019இல் அமெரிக்காவில் இளைஞர்கள் பலர் மூச்சுத் திணறலோடு வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதும் 68 பேர் இறந்ததும் பதிவாகின. அவர்களில் பெரும்பாலானோர் கஞ்சாச் சாறு சேர்த்த திரவங்களைப் பாவித்தவர்கள். முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது விற்றமின் ஈ அசற்றேற். தோலில் பூசும் கிரீமிலும் விழுங்கும் குளிசையிலும் அதனால் இத்தகைய தீங்கு நேர்வதில்லை. சூடாக்கிச் சுவாசித்தபோது அது நுரையீரலைச் சிதைத்தது.

நெபுலைசரும் இதைப் போன்றதுதானே என்ற கேள்வியும் வரும். தொய்வு உள்ளவர்களுக்கு வைத்தியசாலையில் வைக்கும் நெபுலைசரும் மருந்தைத் துளிகளாக்கிக் காற்றோடு அனுப்புகிறது. ஆனால் அது மருந்தைச் சூடாக்கிக் கொதிக்கவைப்பதில்லை. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை முறை என்பது வைத்தியரின் சீட்டில் இருக்கும். அதன் காற்றோட்டம், நோயுள்ள இடத்துக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தபின் நிறுத்திக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. மற்றதன் காற்றோட்டம், நிறுத்தத் தோன்றாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். நெடுங்காலம் சிகரெட் பிடித்த ஒருவர் அதை முற்றாக விட்டு இலத்திரனியல் சிகரெட்டுக்கு மாறினால், அவர் உள்ளெடுக்கும் நச்சுப் பொருட்கள் பெருமளவு குறையும். எரியும் சிகரெட்டின் நுனியில் வெப்பம் 800 பாகையைத் தாண்டும், இங்கே எரிதல் இல்லை. பிரித்தானியாவில் புகைப்பதைக் கைவிட உதவும் வழிகளில் ஒன்றாக இது சொல்லப்படுவது அதனால்தான். இலண்டனில் உள்ள மாமாவுக்கு அது பொருந்தலாம். சிகரெட்டே தொடாத மருமகனுக்கு அதில் எந்த இலாபமும் இல்லை. அவன் நஞ்சைக் குறைக்கவில்லை, புதிதாகத் தொடங்குகிறான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையில் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின் கீழ், 2016இல் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளைத் தடைசெய்தன. இந்தியா 2019இல் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் தடைசெய்தது. ஒருமுறைப் பாவனைக் கருவிகளின் விற்பனையை 2025 ஜனவரியில் பெல்ஜியமும், பெப்ரவரியில் பிரான்சும், ஜூனில் பிரித்தானியாவும் நிறுத்தின. நமது புலம்பெயர் பிள்ளைகள் வாழும் நாடுகளே இவற்றை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டன. ஆனால் பயணப் பெட்டிக்குள் சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் வரும் ஒரு பேனையை எந்த வர்த்தமானியாலும் முழுதாகத் தடுக்கமுடியாது. அதைத் தடுக்கக்கூடிய இடம் வீட்டு விறாந்தைதான்.

பதற்றத்துக்கு மருந்தா?

போரைக் கடந்து வந்த நமது குடும்பங்களில் பலருக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. வெடிச்சத்தத்துக்கு உடல் இன்னும் துள்ளுகிறது. ஊருக்குத் திரும்பியும் வேலை இல்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு நெஞ்சுக்குள் ஒரு பாரம். 'ஒரு இழுப்பு இழுத்தால் மனம் அடங்குது' என்று அவர்கள் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. சுவாசித்த சில விநாடிகளில் நிக்கொட்டின் மூளையைத் தொட்டுவிடுகிறது.

ஆனால் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைகிறது. குறையும்போது எரிச்சலும் பதற்றமும் மனக்குலைவும் வருகின்றன. அடுத்த இழுப்பு தணிப்பது பெரும்பாலும் அந்தப் பதற்றத்தைத்தான். ஏற்கெனவே பதறும் மனதுக்கு மேல் இன்னொரு பதற்றத்தைச் சுமத்திவிட்டு, அதைக் கொஞ்ச நேரத்துக்கு இறக்கி வைப்பதை ஆறுதல் என்று எண்ணிக்கொள்கிறோம். போர் தந்த வலிக்கு உளநல மருத்துவரும் பேசக் காதுகொடுக்கும் மனிதரும் தேவை. மாம்பழ மணம் வீசும் குழாய் அந்த வேலையைச் செய்யாது.

பெற்றோர் கவனிக்கக்கூடியவை சில உண்டு. காரணமில்லாத பழ மணம், யுஎஸ்பி போன்ற இனந்தெரியாத பொருள், அடிக்கடி தண்ணீர் விடாய், வகுப்பில் அரை மணித்தியாலம் இருக்கமுடியாத அந்தரம். கண்டால் அடிப்பதில் பயனில்லை. 'இதுக்குள்ள என்ன இருக்கு, வா பாப்பம்' என்று கூட இருந்து பேசுவதே நல்லது. ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு நிறுத்தும்போது வரும் எரிச்சல் சில கிழமைகளில் தணியும் என்பதைச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வைத்தியசாலையில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

அன்று மாலை அப்பு கடைசியில் துளையைக் கண்டுபிடித்துவிட்டார். அடியில், குண்டூசித் தலை அளவில் இருந்தது. விரலால் அதை மூடிப் பார்த்தார், பிறகு எடுத்தார். இழுத்துப் பார்க்கவில்லை. "நாங்கள் சுத்தினது இழுக்கேக்க நெஞ்சு 'போதும்' எண்டு சொல்லும். இது சொல்லாது போல கிடக்கு" என்று மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

வெளியில் சோளகம் நன்றாக வீசிக்கொண்டிருந்தது.